ஓட்டுவது பாதி, ஒதுங்குவது பாதி

படகு வாங்குபவர் ஓர் ஊரில் இருப்பார். படகு வேறோர் ஊரில் நிற்கும். நீண்டகரையில் விலைக்கு வந்த விசைப்படகை நாகப்பட்டினத்துக்காரர் வாங்கியிருப்பார். கடலூரில் புதிதாகக் கட்டி இறக்கிய படகு தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருக்கும். அறுபது, எழுபது அடிப் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. கடல் வழியாகத்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் உழைப்புக் காலத்தில் பெரும்பகுதி அந்த வேலையில் போனது. மீன்பிடிக்கப் போகும் டிரைவர் மீன் கிடைக்கும் இடத்தைத் தேடி ஆழத்துக்குப் போவார். எங்களைப் போன்றவர்கள் வலையில்லாத படகோடு, கரை கண்ணில் படும் தூரத்திலேயே, ஊர் ஊராக ஒதுங்கிப் போவோம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தூத்துக்குடியில் ஒரு தோணித் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி கொண்டுபோனவர்; எனக்குத் தாய்மாமன் முறை. “மருமவனே, ஓட்டுறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். எங்க ஒதுங்கணும், எப்ப ஒதுங்கணும்னு தெரிஞ்சவன்தான் தண்டலு” என்பார். கடலில் இறங்கிய நாளிலிருந்து அதற்கு மேலான பாடம் எதையும் நான் கேட்டதில்லை. கரையோர ஓட்டத்தில் ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி ஒதுங்குவது. ஒதுங்கத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு சின்னத் துறையையும், அங்கே இருக்கும் மனிதர்களையும் தெரிந்திருக்க வேண்டும்.

கரையோரக் கடலுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் பின்னிரவில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலை படிந்து கிடக்கும் நேரம் அது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பும். மூன்று, நான்கு மணிக்கெல்லாம் அலை முகடுகளில் வெள்ளை நுரை தெரியும். ஆகவே விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நங்கூரம் எடுத்துவிடுவோம். மதியச் சோற்று நேரம் தாண்டுவதற்குள் அடுத்த ஊரில் நங்கூரம் விழ வேண்டும். விசைப்படகு மணிக்கு ஏழு, எட்டுக் கடல் மைல் ஓடும். கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறக்குறைய 55 மைல். தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்கு 65க்கு மேல். பாம்பனிலிருந்து கோடிக்கரைக்கு 70. ஒவ்வொன்றும் ஒரு பகல் ஓட்டம். நடுவில் என்ஜின் மக்கர் செய்தால், காற்று முன்கூட்டியே கிளம்பினால், எந்த ஊரில் நுழையலாம், எந்த ஊருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவு இல்லாமல் நான் கயிறு அவிழ்த்ததில்லை.

நாள் ஒழுங்கைப் போலவே ஆண்டு ஒழுங்கும் உண்டு. வாடைக் காற்று ஓய்ந்த பிறகு, மாசி, பங்குனி மாதங்களில் கன்னியாகுமரிக்கு இருபுறமும் கடல் சாதுவாக இருக்கும். படகு கொண்டுபோவதற்கென்றே அமைந்த காலம் அது. புரட்டாசியில் தென்மேற்குப் பருவம் தணிந்து வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்கு முன் இன்னொரு சிறு இடைவெளி கிடைக்கும். சிக்கல் தடைக்காலத்தால் வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். கிழக்கே தடை முடிகிற அன்று இரவே கடலுக்குப் போக வேண்டும் என்று முதலாளிகள் நினைப்பார்கள். அதற்காக மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் மேற்குக் கரையிலிருந்து படகைக் கொண்டுவரச் சொல்வார்கள். தென்மேற்குப் பருவம் வந்து விழுகிற நாட்கள் அவை. “அண்ணாச்சி, பதினாலாம் தேதி ராத்திரி படகு இங்க நிக்கணும். என்ன கூலி கேட்டாலும் தாரேன்” என்று கெஞ்சியவர்கள் உண்டு. “ஆவணி முடியட்டும்யா, பாதிக் கூலிக்குக் கொண்டாந்து தாரேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒதுங்குவது என்பது கரையில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

பழைய படகைக் கொண்டுவருவதில் முதல் நாள்தான் முக்கியம். கொல்லத்துக்கு வடக்கே இருக்கும் நீண்டகரை, விசைப்படகுத் தொழிலின் தொட்டில்களில் ஒன்று. 1953இல் இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. பாய் விரித்து, துடுப்பு வலித்துப் போனவர்கள் என்ஜின் வைத்த படகுக்கு மாறியது அதன் வழியாகத்தான். அஷ்டமுடிக் காயலின் முகத்துவாரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் படகுகளில் நமக்கான படகு பளபளவென்று புதுப் பெயின்டோடு நிற்கும். பெயின்டைப் பார்த்து ஏறக் கூடாது. பழைய படகின் டீசல் டேங்க் அடியில் வருடக்கணக்கில் வண்டல் படிந்திருக்கும். துறைமுகத்தில் நிற்கும்போது அது அசையாது. வெளிக்கடலில் படகு ஆட ஆட, அந்த வண்டல் முழுவதும் கலங்கி ஃபில்டரில் போய் அடைக்கும். என்ஜின் மூச்சு திணறி நின்றுவிடும். அதுவும் பெரும்பாலும் அலை அதிகமான இடத்தில்தான், ஏனென்றால் அங்கேதான் டேங்க் அதிகம் குலுங்கும். அதனால் டேங்கின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டு, அரை டஜன் ஃபில்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வேன். முதல் நாள் ஓட்டத்தை விழிஞ்ஞத்தோடு நிறுத்திக்கொள்வேன். நாற்பது மைல்தான். அங்கே சேர்ந்ததும் ஃபில்டரைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தால் டேங்கின் கதை முழுவதும் தெரிந்துவிடும். கறுப்புக் களி வழிந்தால் மறுநாளும் குறுகிய ஓட்டம்தான்.

விழிஞ்ஞத்தில் கரைக்கு மிக அருகிலேயே ஆழம் இறங்கிவிடும். இருபது மீட்டர் ஆழம் கரையிலிருந்து ஒரு மைலுக்குள் கிடைக்கிறது. பெரிய கப்பல்களுக்கான துறைமுகம் அங்கே வந்ததற்கு அதுதான் காரணம். 2024 ஜூலையில் முதல் கொள்கலன் கப்பல் வந்தது. இப்போது அதன் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்தில் நுழையும்போது பெரிய கப்பல்களின் வழியைக் குறுக்கே வெட்டாமல், வயர்லெஸைக் காதிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும்.

என் மாமா என்னிடம் கொடுத்துவிட்டுப் போன சொத்து ஓர் ஈயக்குண்டும் கயிறும். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் கொஞ்சம் கிரீஸ் அப்பி, கடலில் இறக்கி, தரை தட்டியதும் இழுத்தெடுத்தால் கடலடி மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கயிற்றில் பாகத்துக்கு (இரு கை விரித்த நீளத்துக்கு) ஒரு முடிச்சு. ஆழம் எத்தனை பாகம் என்று முடிச்சு சொல்லும். எந்த இடம் என்று மண் சொல்லும். சவறா, நீண்டகரைப் பக்கம் கறுப்பு மணல் ஒட்டும். அது இல்மனைட். மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்போடு கார்னெட்டின் சிவப்பும் கலந்து வரும். தூத்துக்குடி தாண்டினால் பவளப்பாறைத் துண்டும் சிப்பி நொறுங்கலும். பாம்பன் கடந்து பாக் நீரிணைக்குள் போனால் சாம்பல் நிறச் சேறு. ஜி.பி.எஸ். வந்து, எக்கோ வந்து, எல்லாம் வந்த பிறகும் நான் அந்தக் குண்டை விட்டதில்லை. எக்கோ ஆழத்தைக் காட்டும். தரையில் நங்கூரம் பிடிக்குமா, நழுவுமா என்பதை மண்ணைத் தொட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். மணலில் ஒரு மாதிரி பிடிக்கும், சேற்றில் வேறு மாதிரி. பாறையில் கொக்கி மாட்டிக்கொண்டு எடுக்க வராது. ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதா, மாற்றி மாற்றிக் காவல் இருப்பதா என்பதை அந்தக் குழியில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் முடிவு செய்யும்.

விழிஞ்ஞத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று ஊர்கள் நெருக்கமாக வரும். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த ஊர் குளச்சல். முட்டத்தில் பாறைக் குன்றின் மேல் கலங்கரை விளக்கம் நிற்பதால் எட்டத்திலேயே ஊர் பிடிபட்டுவிடும். தேங்காய்ப்பட்டணம் குழித்துறை ஆற்றின் வாயில் இருக்கிறது. ஆற்று வாயில் இருக்கும் எந்தத் துறைக்கும் ஒரு குணம் உண்டு: அதன் வாசல் மணலால் ஆனது, மணல் ஓரிடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவத்தில் அலை ஒரு பக்கமாக மணலைத் தள்ளும்; வடகிழக்கில் மறுபக்கம். கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. அங்கே கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் சுவரின் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சேர்ந்த மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து வாயை அடைக்கும். போன வருடம் ஆழமாக இருந்த பக்கம் இந்த வருடம் திட்டாக இருக்கும். அதனால் பழகிய வாசலானாலும் நேராக நுழைவது கிடையாது.

வாசலுக்கு வெளியே, அலை உடையாத இடத்தில் படகை நிறுத்திக் கால் மணி நேரமாவது பார்ப்பேன். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஒரு தணிவு இருக்கும், மறுபடி கூட்டம். அந்தத் தாளம் மனதில் பதிய வேண்டும். எந்தப் பக்கம் அலை உடைகிறது, எந்தப் பக்கம் நீர் கறுத்து, உடையாமல் உள்ளே போகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு உள்ளூர்ப் படகு ஒன்று வரும்வரை காத்திருப்பேன். வயர்லெஸில் கூப்பிட்டால், குமரிக் கரையில் முகம் தெரியாதவர்கூட “மக்கா, தெக்குப் பக்கம் மண்ணு ஏறிக் கெடக்கு. வடக்க ஒட்டி எனக்கப் பொறத்தால வா” என்று சொல்லி, தன் வேகத்தைக் குறைத்து வழிகாட்டிக் கூட்டிப்போவார். கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை நம்மைக் கடந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதை முந்தினால் படகின் முன்பக்கமான அணியம் சரிவில் குத்தும். மிகவும் பின்தங்கினால் அடுத்த அலை பின்பக்கமான அமரத்தைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். குறுக்கே திரும்பிய படகை அந்த இடத்தில் யாராலும் மீட்க முடியாது. என்ஜின் சத்தத்தைவிட முதுகுக்குப் பின்னால் வரும் அலையின் சத்தத்தைக் கேட்டுக் கைப்பிடியைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த இரண்டு மூன்று நிமிட வேலை. உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு வழிகாட்டிய படகுக்காரரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அவர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடாமல் எங்களை விடமாட்டார்கள்.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல் அந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் ஆண்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அங்கே வானிலையைப் பற்றி யாரும் போகிற போக்கில் பதில் சொல்வதில்லை. “நாளைக்குப் போலாமா?” என்று கேட்டால் வெளியே வந்து மேகத்தைப் பார்த்து, போனில் அறிவிப்பைப் பார்த்து, இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

கன்னியாகுமரி முனையைத் திரும்புவது பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். விடியற்காலையில், விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் தெற்கே நல்ல இடம் விட்டுச் சுற்றினால் திரும்பல் எளிது. கவனம் வேண்டியது திரும்பிய பிறகு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். தென்மேற்குப் பருவத்தில் அந்தக் காற்று நிலத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவின் மேல் விழும். கரையோரமாக நீர் தட்டையாகத்தான் இருக்கும். கரையை விட்டு விலக விலகக் காற்று அலையைக் கட்டி எழுப்பும். தட்டையாக இருக்கிறதே என்று வெளியே போகிற படகைக் காற்று மேலும் மேலும் வெளியே தள்ளும். திரும்ப நினைக்கும்போது எதிரே காற்றும் அலையும் நிற்கும். அந்தப் பருவத்தில் அங்கே கரையை ஒட்டித்தான் போக வேண்டும். ராத்திரியில் கூடங்குளத்தின் விளக்கு வெளிச்சம் இடத்தைச் சொல்லும். அந்த அணுமின் நிலையத்தை நெருங்க அனுமதி இல்லை. ஒதுங்கியே கடக்க வேண்டும்.

இடிந்தகரை, உவரி, பெரியதாழை தாண்டினால் மணப்பாடு. இந்தக் கரை முழுவதிலும் நான் மிகவும் விரும்பும் ஒதுங்குமிடம் அது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்று. அதன் மேல் சிலுவைக் கோயிலும் கலங்கரை விளக்கமும். புனித சவேரியார் 1542இல் அந்த ஊருக்கு வந்தார். அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் அடியில் இருக்கிறது. குன்றுக்குத் தெற்கே அலை முட்டிக்கொண்டிருக்கும்போது அதன் வடக்குப் பக்கத்து வளைவில் நீர் அடங்கியிருக்கும். இப்படி ஒரு நிழலைக் கண்டுபிடிப்பதுதான் ஒதுங்கும் கலை. காற்று எந்தத் திசையோ அந்தத் திசையில் ஒரு குன்றோ தீவோ மணல்முனையோ நமக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். காற்று மாறினால் அதே இடம் பொறியாகிவிடும். வாடைக் காலத்தில் மணப்பாட்டின் வடக்கு வளைவில் நங்கூரம் போட்டு நிற்பதை நான் தவிர்ப்பேன்.

தூத்துக்குடி என் சொந்த ஊர். டீசல், ஐஸ், தண்ணீர், உதிரிப் பாகம் எல்லாம் நிரப்பிக்கொள்ளும் இடம். வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கலாம். பாம்பன் ஆட்களுக்குக் கொடுக்க மக்ரூன் வாங்கி வைத்துக்கொள்வேன். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறைமுகம் இது. உப்பும் தோணியும் வளர்த்த ஊர். பாய்மரத் தோணி ஓட்டிய தண்டல்களுக்கு இந்தக் கரையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். காற்று இல்லாவிட்டால் நிற்க வேண்டும், காற்று மிஞ்சினாலும் நிற்க வேண்டும் என்பதால் அவர்கள் ஒதுங்குமிடங்களைத் தேடித் தேடித் தெரிந்துவைத்திருந்தார்கள். என்ஜின் வந்த பிறகு நிற்க வேண்டிய தேவை குறைந்தது. அந்த அறிவும் கூடவே குறைந்துகொண்டு வருகிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள் கரைக்கு இணையாக வரிசை கட்டி நிற்கின்றன: வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி, உப்புத்தண்ணி, நல்லதண்ணி, அப்பா தீவு, மனோலி, குருசடை என்று. 1986இல் இவை கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவில் இறங்கக் கூடாது. கரைக்கும் தீவுக்கும் நடுவில் ஆழம் குறைவு; பவளப் பார்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடக்கும். பெரிய படகு தீவுகளுக்கு வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும். அந்தப் பகுதியில் நங்கூரம் போட நேர்ந்தால் மணல் தரையைக் குண்டு விட்டுப் பார்த்துத்தான் போடுவேன். வளர நூறாண்டு பிடித்த பவளத்தை நங்கூரத்தின் ஒரு கொக்கி ஒரு நொடியில் உடைத்துவிடும். அந்தப் பாரில்தான் மீன்குஞ்சு ஒதுங்குகிறது. நாம் ஒதுங்குவதற்காக மீன் ஒதுங்கும் இடத்தை அழித்தால் அடுத்த தலைமுறைக்குப் படகு எதற்கு?

நடுவில் கீழக்கரை. பள்ளிவாசல்களும் பழைய மரைக்காயர் வீடுகளும் உள்ள ஊர். முன்னே ஆழம் இல்லாததால் தள்ளி நிறுத்திவிட்டுச் சின்ன வள்ளத்தில் கரைக்குப் போவோம். ஒருமுறை சுழலியில் சுற்றிய கயிற்றை எடுக்க, முத்தும் சங்கும் குளித்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்து மூழ்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு, கத்தியோடு போய்ப் போய் வந்து, கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தார். கூலி கொடுக்கப் போனதற்கு, “வச்சுக்கங்க தம்பி, கடல்ல நிக்கிறவன்கிட்ட காசு வாங்கப்படாது” என்று சொல்லிவிட்டு, பேரனிடம் சொல்லித் தொதல் பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

பாம்பன் வாசல் இந்த ஓட்டத்தின் நடுநாயகம். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் குறுகிய கால்வாய். துறைமுக அலுவலகத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, தூக்குப் பாலம் திறக்கும் நாளுக்காகக் குந்துகால் பக்கம் காத்திருக்க வேண்டும். விவேகானந்தர் 1897இல் மேலைநாட்டுப் பயணம் முடிந்து வந்து இறங்கிய கரை அது. காத்திருக்கும் நாட்களில் பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் இழுவைப் படகு, மிதவை, குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகு, சில சமயம் வெளிநாட்டுப் பாய்மரப் படகு என்று எல்லாம் பக்கத்தில் வந்து சேரும்.

1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரண்டு கைகளையும் ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதிச் சட்டங்கள் அடித்துக்கொண்டு போனபோதும் அந்தத் தூக்குப் பகுதி தப்பியது. 46 நாளில் பாலம் சரிசெய்யப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலத்தைத் திறந்தார்கள். அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நெட்டுக்குத்தாக 17 மீட்டர் வரை மேலே போகும். பாலம் மாறினாலும் கீழே ஓடும் நீர் மாறவில்லை. தென்மேற்குப் பருவத்தில் நீவாடு, அதாவது நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே பாயும். வடகிழக்கில் வடக்கிலிருந்து தெற்கே. பாறைகளுக்கு நடுவே சுழித்துக்கொண்டு ஓடுகிற நீர். எதிர் நீவாட்டில் படகு மெதுவாகத்தான் போகும், ஆனால் சுக்கான் சொன்னபடி கேட்கும். பின்னாலிருந்து தள்ளும் நீவாடுதான் ஆபத்து. நீரும் படகும் ஒரே வேகத்தில் போனால் சுக்கானைத் தொட்டுக்கொண்டு நீர் ஓடாது. திருப்பினாலும் படகு திரும்பாது. நீரைவிட வேகமாகப் போனால்தான் படகு நம் கையில் இருக்கும். தூண்களுக்கு நடுவில் நுழைந்த பிறகு வேகத்தைக் குறைக்க நினைக்கவே கூடாது.

நீவாடு தளரும் நேரத்தைத்தான் உள்ளூர் வழிகாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையைக் காட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் கிளம்பும். முன்னே போகும் படகுக்கும் நமக்கும் நல்ல இடைவெளி. கண் பாலத்தின் மேலே போகக் கூடாது. எதிரே, கால்வாயின் நடுவைக் காட்டும் அடையாளத்தில் நிற்க வேண்டும். சுக்கானைப் பிடித்த கை அசையக் கூடாது. சாலைப் பாலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்று கையசைப்பார்கள், குழந்தைகள் கத்துவார்கள். பதில் சொல்லும் வேலையை அணியத்தில் நிற்கும் பையன்களுக்கு விட்டுவிடுவேன்.

அந்தப் பக்கம் போனதும் கடலே வேறு. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்தான். அடியில் சேறும் கடற்புல்லும். 1974இலும் 1976இலும் செய்த ஒப்பந்தங்களின் எல்லைக்கோடு கிழக்கே இருக்கிறது என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். இங்கே ராத்திரி ஓட்டம் வேண்டாம் என்பது என் உறுதியான விதி. நாட்டுப் படகுக்காரர்களின் நண்டு வலைகள் மைல் கணக்கில் பரவிக் கிடக்கும். ஒரு வலையை அறுத்தால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போகும். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்குக் கடல். மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. அதையும் கணக்கில் எடுத்துத்தான் நாளைத் தேர்ந்தெடுப்பேன். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். எங்கள் ஆட்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணி கடற்புல்லைத்தான் மேய்கிறது. மூச்சு வாங்க மேலே வரும். நீர் பச்சையாக, புல் தெரிகிற இடத்தில் வேகத்தைப் பாதியாக்கிவிடுவேன்.

தொண்டி, ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று ஊர்கள் வரும். கரை தாழ்வாக, ஒரே மாதிரி தென்னை வரிசையாக இருப்பதால் இடம் பிடிபடாது. அங்கே கைகொடுப்பது மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814இல் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். அது தெரிந்துவிட்டால் மல்லிப்பட்டினம் வாசல் எங்கே என்பது தெரிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையைப் புரட்டிப் போட்ட பிறகு நான் போனபோது தென்னைகள் சாய்ந்து கரையின் உருவமே மாறியிருந்தது. பழைய அடையாளங்களில் மிஞ்சியது கோபுரம்தான். ஒதுங்கப் போன எங்களுக்கு, வீட்டுக் கூரை பறந்துபோன ஒரு அம்மா கல்லடுப்பில் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

கோடிக்கரையில் கரை சட்டென்று வடக்கே மடங்குகிறது. முனைக்கு வெளியே மணல் திட்டுகள் நீண்டு கிடக்கும். குறுக்குவழி என்று முனையை ஒட்டிப் போகாமல், ஆழம் பார்த்து வெளியே சுற்ற வேண்டும். அதுவரை குளம் போல இருந்த நீர், திரும்பியதும் வங்காள விரிகுடாவின் நீண்ட அலையாக மாறும். அங்கிருந்து முப்பது மைல் நாகப்பட்டினம். நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாரா கடலோடிகளுக்குப் பழைய அடையாளம். கடுவையாற்று வாயிலில் வழக்கப்படி நின்று, பார்த்து, கேட்டு உள்ளே போனால் அக்கரைப்பேட்டைத் துறையில் படகின் முதலாளி குடும்பத்தோடு நிற்பார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் படகை இழந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று அங்கே படகு வாங்குகிறார்கள். சாவியை ஒப்படைக்கும் முன் ஃபில்டர், டேங்க், சுக்கான் பற்றியெல்லாம் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஒவ்வொரு துறையைப் பற்றியும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: வாய் எந்தப் பக்கம் ஆழம், எந்தக் காற்றுக்கு நிழல், தரை மணலா சேறா, யாரைக் கேட்க வேண்டும். இளம் டிரைவர்கள் கேட்டால் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் என் நோட்டைவிட நம்பத்தக்கது அந்தந்த ஊர்க்காரரின் வாய்ச்சொல். பெரிய துறைமுகங்களின் ஆழத்தை அளந்து அறிவிக்க ஏற்பாடு இருக்கிறது. சின்னத் துறைகளுக்கும் அது வேண்டும். மணல் அள்ளும் இயந்திரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊருக்கு ஒருவர், ஒரு வள்ளம், ஓர் ஈயக்குண்டு இருந்தால் வாரம் ஒருமுறை வாசலை அளந்து துறையில் ஒரு பலகையில் எழுதலாம். வயர்லெஸில் கூப்பிடுகிறவருக்கு அதைப் படித்துச் சொல்லலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மனம் வைத்தால் நாளைக்கே தொடங்கிவிடலாம். எழுதும்போது தேதியும் போட வேண்டும். மணல் நகரும் வாசலில் போன மாதத்து ஆழத்தை நம்பி இந்த மாதம் நுழையக் கூடாது.